எந்தக் கம்பி உங்கள் வீட்டுக்கு வருகிறது?

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கங்களில் புதிதாக வாடகை வீடும் பேஸ்மென்டும் எடுத்திருக்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்



வீட்டுத் திறப்பு கைக்கு வந்ததும் நீங்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "இன்டர்நெட்டுக்குப் பெல்லைப் போடுறதா, ரொஜர்ஸைப் போடுறதா?" கோயில் வாசலில் கேட்பீர்கள், தமிழ்க் கடையில் கேட்பீர்கள், வேலை இடத்தில் கேட்பீர்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒன்று வேகம் என்று சொன்னவரும் மற்றது அறாமல் ஓடும் என்று சொன்னவரும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருப்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன உண்மை அவரவர் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு அது பொருந்த வேண்டும் என்றில்லை.

இந்த ஊர் வீடுகளில் லைன் இழுக்கும் வேலையைப் பல காலம் செய்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குள் வரும் கம்பி எது, எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறது, யாரோடு பங்கிடப்படுகிறது, சுவருக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்த்து முடிவெடுங்கள். வந்து இறங்கிய முதல் வருடத்தில் ஒவ்வொரு டொலரும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள், தேவையில்லாத வேகத்துக்கு மாதாமாதம் காசு கட்டுவதையும், தேவையான வேகம் கிடைக்காமல் பிள்ளைகள் அவதிப்படுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பெல்லின் தொலைபேசிக் கம்பி, ரொஜர்ஸின் கேபிள் கம்பி, இந்த இரண்டில் எதுவுமே இணையத்துக்காகப் போடப்பட்டதில்லை.

தொலைபேசிக் கம்பி என்பது ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய செம்பு இழைகள். பெல் கனடா 1880இல் தொடங்கிய நிறுவனம். அந்தக் கம்பி கொண்டுபோக வேண்டியிருந்தது மனிதக் குரலை மட்டும். அதற்கு 4 கிலோஹேர்ட்ஸுக்குக் குறைந்த அலைவரிசை போதும். அதற்கு மேலே உள்ள இடமெல்லாம் நூறு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளர் 1980களின் இறுதியில் ஒரு வழியைக் காட்டினார்: இரண்டு பக்கமும் ஒரே வேகம் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், வீட்டுக்கு வரும் பக்கத்துக்கு நிறையவும் வீட்டில் இருந்து போகும் பக்கத்துக்குக் கொஞ்சமும் கொடுத்தால், பக்கத்துக் கம்பிகளின் குறுக்கீட்டைத் தாண்டி அதிகமாக அனுப்பலாம். ஸ்டான்ஃபோர்டில் ஜோன் சியோஃபி அந்த அலைவரிசையை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்து அனுப்பும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குத் தொலைபேசி நிறுவனங்களின் ஆசை, இந்தக் கம்பியால் வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்பிக் கேபிள்காரர்களோடு போட்டி போடுவது. அந்த வியாபாரம் கைகூடவில்லை. இணையம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுதான் டி.எஸ்.எல்.

கேபிள் கம்பியின் கதை வேறு. 1940களின் இறுதியில், பென்சில்வேனியா, ஒரிகன் போன்ற இடங்களில் மலைகளுக்கு இடையே இருந்த சிற்றூர்களுக்கு ரிவி அலை எட்டவில்லை. உயரத்தில் ஒரு பெரிய அன்ரெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். நடுவில் ஒரு தடித்த செம்பு, சுற்றிக் காப்பு, அதைச் சுற்றி உலோகப் பின்னல் என்று அமைந்த கம்பி. ஒரே படத்தை எல்லா வீட்டுக்கும் அனுப்பினால் போதும். வீட்டில் இருந்து எதுவும் திரும்பிப் போகத் தேவையில்லை. 1995இல் ரொஜர்ஸ் நியூமார்க்கெட்டில் அந்தக் கம்பியிலேயே இணையம் கொடுக்கத் தொடங்கியது. வட அமெரிக்காவில் கேபிள் வழியாக இணையம் விற்ற முதல் ஊர்களில் ஒன்று நம் ஊருக்கு வடக்கே காரில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பிறப்பு இன்றைக்கும் இரண்டையும் விட்டுப் போகவில்லை. தொலைபேசிக் கம்பிக்குத் தூரம் எதிரி. கேபிளுக்குக் கூட்டம் எதிரி. அதோடு, வீட்டில் இருந்து வெளியே அனுப்பும் பாதையும் அதற்கு ஒடுக்கம்.

தூரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். வீட்டில் இருந்து தொலைபேசி நிலையம் வரை, அல்லது தெருவில் நிற்கும் பெட்டி வரை, செம்பு எவ்வளவு நீளம் ஓடுகிறதோ அதுதான் கணக்கு. வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கும் தூரம் உதவாது. கம்பி தெருத்தெருவாக வளைந்து போகும். பழைய ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் நிலையத்துக்கு அருகே 24 மெகாபிட் வரை கிடைக்கும். மூன்று கிலோமீற்றரில் அது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும். ஐந்து கிலோமீற்றரில் லைன் பிடிப்பதே பெரும்பாடு. இப்போது நகரங்களில் பெரும்பாலும் வி.டி.எஸ்.எல். 2 என்ற முறை. தெருப் பெட்டி வரை கண்ணாடி இழை, அங்கிருந்து வீடு வரை பழைய செம்பு. பெட்டி முந்நூறு மீற்றருக்குள் இருந்தால் 100 மெகாபிட்டைக்கூடத் தொடலாம். ஒரு கிலோமீற்றர் தள்ளி இருந்தால் 50ஐ எட்டுவதே கடினம். காரணம் எளிது: வேகம் கூட வேண்டுமானால் அதிக அலைவரிசை வேண்டும், அலைவரிசை கூடக் கூடச் செம்பில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஆகவே டி.எஸ்.எல். விற்க வருபவரிடம் "உங்கள் அதிகபட்ச வேகம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "என் முகவரிக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்று கேளுங்கள். முகவரியைப் போட்டால் அவர்களுடைய கணினி ஒரு மதிப்பீட்டைக் காட்டும். லைன் போட்ட பிறகு மொடெமின் பக்கத்தைத் திறந்தால், எந்த வேகத்தில் பிடித்திருக்கிறது என்பதும், இரைச்சலுக்கு மேலே எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த இடைவெளி 6 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் லைன் அடிக்கடி அறும். மழை பெய்யும்போதெல்லாம் அறுகிறது என்றால், வெளியே ஏதோ ஒரு மூட்டில் தண்ணீர் போகிறது. அதை அந்தச் சொற்களிலேயே சொல்லி முறையிடுங்கள். "இன்டர்நெட் ஸ்லோ" என்றால் மொடெமை நிறுத்திப் போடச் சொல்வார்கள். "மழைக்கு லைன் அறுகிறது, வெளி மூட்டைப் பாருங்கள்" என்றால் ஆள் ஏணியோடு வருவான்.

டி.எஸ்.எல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெட்டியில் இருந்து உங்கள் வீடு வரை அந்தச் சோடி இழை உங்களுடையது மட்டுமே. பக்கத்து வீட்டார் எல்லோரும் இரவு படம் பார்த்தாலும் உங்கள் லைனில் பெரிதாக ஏறி இறங்காது. காலையில் பிடித்த 25 மெகாபிட், இரவும் அநேகமாக 25 மெகாபிட்தான்.

இனிக் கேபிள். வட அமெரிக்காவில் ஒரு ரிவி சனலின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். அந்த ஒரு சனலில் இணையத்தை அனுப்பினால் சுமார் 38 மெகாபிட் போகும். 2006இல் வந்த டொக்சிஸ் 3.0 முறை பல சனல்களை ஒன்றாகக் கட்டியது. 32 சனல்களைக் கட்டினால் 1.2 ஜிகாபிட் அளவுக்கு வரும். பெரிய எண். ஆனால் அந்த 1.2 ஜிகாபிட், ஒரே நோடில் (கண்ணாடி இழை முடிந்து கேபிள் தொடங்கும் சந்திப்புப் பெட்டி) தொங்கும் நூற்றுக்கணக்கான வீடுகள் அனைத்துக்கும் சேர்த்து. பகலில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு மேல், எல்லா வீட்டிலும் பெரிய ரிவி ஓடத் தொடங்கியதும் கதை மாறலாம். மாறியே தீரும் என்று சொல்ல மாட்டேன். நெருக்கடி கூடினால் நிறுவனம் நோடை இரண்டாகப் பிரிக்கும், பிரித்த தெருவில் இரவிலும் வேகம் குறையாது. அடுத்த டொக்சிஸ் 3.1 வந்த பிறகு பல இடங்களில் நெரிசல் தணிந்தும் இருக்கிறது. கனடாவில் 2016இல் வீடுகளில் கருவி வைத்து அளந்தபோது, பெரும்பாலான நிறுவனங்கள் விளம்பரம் செய்த டவுன்லோட் வேகத்தை உண்மையிலேயே கொடுத்தன.

எனவே தெருவைக் கேளுங்கள். கோயிலில் சந்தித்தவரைக் காட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் உங்களுக்குச் சரியான சாட்சி. அவர் உங்கள் நோடிலேயே இருப்பவர். லைன் வந்த பிறகு, கனடாவின் இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் சீரா அமைப்பின் வேகச் சோதனையை ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கும் விடிகாலையிலும் செய்து இரண்டையும் எழுதி வையுங்கள். வைஃபையில் செய்யாதீர்கள், மொடெமில் கம்பியைக் கொழுவிச் செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால், முறையிடக் கையில் ஆதாரம் இருக்கிறது.

அப்லோட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் விற்பவர் யாரும் சொல்வதில்லை, நம் வீடுகளில் அதிகம் உறுத்துவதும் இதுதான்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட். வட அமெரிக்கக் கேபிளில் வீட்டில் இருந்து வெளியே போகும் பாதைக்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டது 5 முதல் 42 மெகாஹேர்ட்ஸ் வரையான சின்னத் துண்டு. ரிவி சனல்கள் அதற்கு மேலே இருந்ததால் கீழே மிஞ்சிய இடம். அதிலும், தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் தளர்ந்த மூட்டில் இருந்தும் நுழையும் இரைச்சல் எல்லாம் மேலே போகும் பாதையில் ஒன்றாகச் சேரும். அதனால்தான் ஒரு ஜிகாபிட் டவுன்லோட் தரும் கேபிள் திட்டங்கள்கூடப் பல காலம் 30 மெகாபிட் அளவு அப்லோடோடுதான் விற்கப்பட்டன. இப்போது அந்தத் துண்டை அகலமாக்கும் வேலை நடக்கிறது. உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரவில் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா எழும்பும் நேரம் பார்த்து வீடியோவில் கதைக்கிறோம். பிள்ளை ஒரு அறையில் சூமில் வகுப்பு, வீட்டில் இருந்து வாடிக்கையாளர் சேவை வேலை பார்க்கும் மனைவி இன்னொரு அறையில். வாசலில் ஒரு கமரா, பின்பக்கம் ஒரு கமரா, இரண்டும் இரவு பகலாகப் படத்தை மேலே அனுப்பியபடி. தொலைபேசிகள் எடுத்த படங்களை எல்லாம் தாமாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றுகின்றன. இவை எல்லாமே அப்லோட். "500 மெகாபிட் இருக்கு, ஆனால் அம்மாவோட கதைக்கேக்க முகம் உறையுது" என்று சொல்பவர்களின் வீட்டில் பத்துக்கு ஏழெட்டு முறை குற்றம் அப்லோடில்தான், இல்லாவிட்டால் வைஃபையில். அதற்கு மேலும் காசு கட்டி டவுன்லோடை ஆயிரமாக்கினாலும் அம்மாவின் முகம் உறைந்தபடியே இருக்கும்.

எவ்வளவு தேவை என்று கேட்பீர்கள். மிக உயர்ந்த தரமான 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். தெளிவான குழு வீடியோ உரையாடலுக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் அப்லோட் போதும். கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையமான சி.ஆர்.டி.சி., 2016 டிசம்பரில் இணையத்தை அடிப்படைச் சேவையாக அறிவித்தபோது வைத்த இலக்கு, டவுன்லோட் 50, அப்லோட் 10. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இன்றைக்கும் அது பற்றாக்குறை இல்லாத அளவு. அந்த 50க்கு 10 என்பது நல்ல தூரத்தில் உள்ள டி.எஸ்.எல். லைன் ஒன்றால் கொடுக்கக்கூடியதுதான் என்பதையும் கவனியுங்கள்.

இனி சுவருக்குள் போவோம். பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

ஸ்காபரோவின் பழைய பங்களா வீடுகளில் ஒரு காலத்தில் ஒவ்வொரு அறைக்கும் ரிவி வேண்டும் என்று கேபிளைப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோயிருப்பார்கள். ஒவ்வொரு ஸ்பிளிட்டரும் சமிக்ஞையில் சுமார் மூன்றரை டெசிபெல்லை விழுங்கும், ஏறக்குறையப் பாதி. மூன்று ஸ்பிளிட்டர் தாண்டி உங்கள் மூலைக்கு வரும்போது எட்டில் ஒன்றுகூடத் தேறாது. இப்போது யாரும் அந்த அறைகளில் ரிவி பார்ப்பதில்லை, ஸ்பிளிட்டர்கள் மட்டும் கூரைக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. மொடெம் போட வருபவரிடம், வெளியே இருந்து வரும் கம்பியை நேரே மொடெமுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தொலைபேசிக் கம்பியிலும் இதே வியாதி உண்டு. பழைய ஜாக்குகள் சங்கிலிபோல ஒன்றில் இருந்து ஒன்றுக்கு ஓடும். பாவிக்காத ஒவ்வொரு நீட்டமும் டி.எஸ்.எல்லுக்கு இடைஞ்சல். வெளிச்சுவரில் உள்ள சாம்பல் பெட்டியில் இருந்து மொடெமுக்குப் புதிதாக ஒரு கம்பி இழுத்தால் மற்ற ஜாக்குகளின் தொல்லை இல்லை.

ஒரே முகவரியில் மேலே வீட்டுக்காரரும் கீழே நீங்களும் இருந்தால் இன்னொரு சிக்கல். கேபிள் நிறுவனத்தின் கணினியில் அது ஒரே வீடு. இரண்டாவது கணக்கு திறக்க மறுப்பதுண்டு. தொலைபேசிக் கம்பியில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகள் வீட்டுக்கு வந்திருக்கும் என்பதால், அங்கே டி.எஸ்.எல். உங்களுக்குத் தனி வழி திறந்துவிடலாம். வாடகை பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். "வைஃபை சேர்த்துத்தான் வாடகை" என்று சொன்னால், மொடெம் எங்கே இருக்கிறது, கீழே வரைக்கும் கம்பியில் கொண்டுவந்து தருவார்களா என்று கேளுங்கள். மாடிப் படுக்கையறையில் இருக்கும் மொடெமின் வைஃபை இரண்டு தளத்தையும் சூட்டுக்காற்றுக் குழாய்களின் தகரத்தையும் தாண்டி உங்களிடம் வந்து சேரும்போது களைத்திருக்கும். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்களும் ஒரு காலம் அப்படி வாழ்ந்தவர்கள்தான். கீழே ஒரு கம்பி இழுத்துக் கொடுப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அங்கே ஒரு பிள்ளை இணையவழிச் சோதனை எழுதிக்கொண்டிருக்கலாம்.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். உங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழை வீட்டுச் சுவர் வரை வந்துவிட்டதென்றால், விலை கட்டுப்படியானால், அதையே போடுங்கள்; இரண்டு பக்கமும் வேகம், தூரமும் கூட்டமும் அதை அவ்வளவாகத் தொடாது. பெல் 2015இல் ரொறன்ரோவுக்கு அதை அறிவித்து வேலையைத் தொடங்கியது. ஆனால் விளம்பரத்தில் இழை என்று பார்த்ததும் நம்பிவிட வேண்டாம். தெருப் பெட்டி வரைக்கும் இழை வைத்திருக்கும் டி.எஸ்.எல்லும், நோட் வரைக்கும் இழை வைத்திருக்கும் கேபிளும் அதே சொல்லால்தான் விற்கப்படுகின்றன. கடைசித் துண்டு எது என்று கேளுங்கள்.

இழை இல்லாத தெருவில், பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பாவிக்கும் வீட்டுக்குக் கேபிள்தான் என் தெரிவு, அப்லோட் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு. தெருப் பெட்டிக்கு அருகே இருக்கும் வீட்டில், இரண்டு மூன்று பேர், வேலையும் படிப்பும் வீடியோவில் கதைப்பதும்தான் முக்கியம் என்றால் 25 அல்லது 50 மெகாபிட் டி.எஸ்.எல். போதும், அது இரவிலும் நிலையாக ஓடும், அநேகமாக மலிவாகவும் இருக்கும். பெட்டி தூரத்தில் இருந்து 10 மெகாபிட்டுக்குக் கீழேதான் பிடிக்கும் என்றால் டி.எஸ்.எல்லை மறந்துவிடுங்கள். வயதான பெற்றோர் தனியே இருக்கும் வீட்டுக்கு நான் ஆயிரம் மெகாபிட் விற்கமாட்டேன். விற்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கம்பியைத் தெரிந்துகொண்ட பிறகு அதை யாரிடம் வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. பெல்லிடமும் ரொஜர்ஸிடமும் மட்டும்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் கம்பியை மொத்த விலைக்கு மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சி.ஆர்.டி.சி. விதித்திருக்கிறது. சாத்தம் நகரில் இருந்து இயங்கும் டெக்சாவி போன்ற நிறுவனங்கள் அப்படித்தான் அதே கேபிளிலும் அதே தொலைபேசிக் கம்பியிலும் சேவை தருகின்றன. பழுதானால் கம்பியைப் பார்க்க வருபவர் பெரிய நிறுவனத்தின் ஆள்தான், அதனால் சில நேரம் ஒரு நாள் கூடக் காத்திருக்க வேண்டி வரும். விலையோ பெரும்பாலும் குறைவு, ஒப்பந்தக் கட்டு இல்லாமல் மாதத்துக்கு மாதம் வைத்துக்கொள்ளலாம். வீடு மாறிக்கொண்டே இருக்கும் புதியவர்களுக்கு அந்தச் சுதந்திரம் பெரிது.

அந்தச் சிறிய நிறுவனங்களின் நிலை எனக்குக் கவலை தருகிறது. 2019இல் ஆணையம் மொத்த விலையைக் குறைத்தது. 2021 மே மாதம் அதைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே ஈபொக்ஸ், டிஸ்ரிபியூட்டல் என்ற சிறிய நிறுவனங்கள் பெல்லின் கைக்குப் போயின, வீமீடியா கெபெக்கோரின் வீடியோத்ரோனிடம் போனது. 2011இல் பாவனை அளவுக்கு ஏற்பக் காசு கட்ட வைக்கும் முறை சிறிய நிறுவனங்களின் தலையில் ஏற இருந்தபோது, ஏறத்தாழ அரை மில்லியன் பேர் கையெழுத்திட்டு அதைத் தடுத்தார்கள். மலிவான திட்டம் ஒன்று இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிறது என்றால் அந்தப் போட்டி இருந்ததால்தான். மூன்றாவதாக ஒரு விலைக்கடிதம் வாங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

வருமானம் குறைந்த குடும்பங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டிய ஒன்று, மத்திய அரசின் கனெக்டிங் ஃபமிலீஸ் திட்டம். கனடா குழந்தை நலக் கொடுப்பனவை முழுமையாகப் பெறும் குடும்பங்களுக்கும், உத்தரவாத வருமானக் கூட்டுத்தொகையை முழுமையாகப் பெறும் முதியவர்களுக்கும், 2022இல் விரிவாக்கப்பட்ட வடிவில், 50க்கு 10 மெகாபிட் இணையம் மாதம் 20 டொலருக்கு. தகுதியுள்ளவர்களுக்குக் குறியீட்டு எண்ணோடு அரசாங்கக் கடிதம் வரும். வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும். பெற்றோரின் தபாலைப் பிள்ளைகள் ஒருமுறை பாருங்கள்.

சலுகை விலைக்கு வருகிறேன். வாசலுக்கு வந்து தமிழிலேயே அன்பாகக் கதைத்து விற்கும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் உழைத்துப் பிழைக்கிறார்கள். ஆனால் சலுகை எத்தனை மாதம், அதற்குப் பிறகு என்ன விலை, மொடெம் வாடகை எவ்வளவு, ஆள் வந்து பூட்டுவதற்கு எவ்வளவு, இடையில் விட்டால் எவ்வளவு, தொலைபேசி வேண்டாம் என்றால் வெறும் லைனுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற ஆறையும் எழுத்தில் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது டி.எஸ்.எல்லில் பலரும் கவனிக்காமல் விடும் செலவு.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூலை 8ஆம் திகதி காலை ரொஜர்ஸின் மைய வலையமைப்பில் நடந்த ஒரு மாற்றத்தால், கைத்தொலைபேசியும் வீட்டு இணையமும் சேர்ந்து நாடு முழுவதும் விழுந்தன. 12 மில்லியனுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இன்டராக் அட்டை வேலை செய்யவில்லை, 911ஐக்கூடச் சிலரால் அழைக்க முடியவில்லை. எந்த நிறுவனத்துக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். கட்டாகச் சேர்த்து வாங்கினால் மலிவு என்பார்கள். ஆனாலும் குடும்பத்தில் ஒருவருடைய கைத்தொலைபேசியாவது வீட்டு இணையம் தரும் நிறுவனத்தைச் சேராததாக இருக்கட்டும்.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் அளவிலான மின் இணைப்புகள் அறுந்தபோது, சுவரில் கொழுவிய பழைய தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு இருட்டிலும் தொனி கேட்டது. அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தில் இருந்தே செம்பு வழியாக வரும். கேபிள் தொலைபேசிக்கும் இணையத் தொலைபேசிக்கும் வீட்டு மின்சாரமோ பற்றரியோ வேண்டும். இதய நோயாளி இருக்கும் வீட்டில், அந்தப் பழைய லைனை வெட்டுவதற்கு முன் யோசியுங்கள். இணையப் பெட்டியில் தொலைபேசி வைத்திருப்பவர்கள் வீடு மாறிய அன்றே 911 முகவரியை மாற்றுங்கள். 2008இல் கல்கரியில் ஒரு குடும்பம் தங்கள் குழந்தைக்காக இணையத் தொலைபேசியில் 911ஐ அழைத்தபோது, அம்புலன்ஸ் அவர்கள் முன்பு இருந்த மிசிசாகா முகவரிக்கு அனுப்பப்பட்டது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. புதியவர்களான நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறீர்கள். தயவுசெய்து இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் பார்த்துப் போட்ட பிறகும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2020 ஜனவரி 31 முதல் பெரிய நிறுவனங்களுக்கு இணையச் சேவை விதிக்கோவை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. விளங்கும் மொழியில் ஒப்பந்தம் தர வேண்டும், முக்கிய விபரங்களைத் தனியாகச் சுருக்கித் தர வேண்டும். வாயால் சொன்னதும் ஒப்பந்தத்தில் வந்ததும் பொருந்தாவிட்டால், ஒப்பந்தம் கிடைத்து 45 நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் விலகலாம். ஆகவே விற்றவர் சொன்னதை அன்றே குறித்துவைத்து, ஒப்பந்தம் வந்ததும் ஒப்பிடுங்கள். நிறுவனத்தோடு கதைத்துத் தீரவில்லை என்றால் சி.சி.டி.எஸ். என்ற சுயாதீன முறைப்பாட்டு அமைப்பிடம் போகலாம். காசு கேட்க மாட்டார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ஆங்கிலம் தடை என்றால் உயர்பள்ளிக்குப் போகும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். நிறுவனத்தோடு கதைத்த திகதியும் நேரமும், விடிகாலையும் ஞாயிறு இரவும் எழுதிவைத்த அந்த வேக எண்களும் கையில் இருந்தால் போதும்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து உங்கள் அயலவன்